கல்லிடை வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான்

தமிழ்நாட்டில் மலைப்பறவை என்று பேச்செடுத்தால் கேட்பவர் உள்ளம் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ ஓடிவிடும். மூடுபனி, பாசி போர்த்த மரம், சோலையின் ஈரம், அதனுள்ளிருந்து எழும் ஒரு சீழ்க்கை என்று ஒரு காட்சி நம் மனத்தில் நிலைத்துவிட்டது. பறவை நூல்களும் இந்த வழக்கத்தையே வளர்த்துவிட்டன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய பறவைகளை ஒன்றுவிடாமல் எண்ணி எழுதியோர் பலர். கிழக்கே வெயிலில் காய்ந்து கிடக்கும் குன்றுகளின் பக்கம் முகம் திருப்பியோர் சிலர். இந்தியத் தீவக்குறையின் தென்பாதியைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத பாடும் பறவை ஒன்று, அந்தக் காய்ந்த குன்றுகளைத்தான் தன் தலைமை இருப்பிடமாகக் கொண்டிருக்கிறது. மஞ்சள்தொண்டைச் சின்னான் என்பது அதன் பெயர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கெல்லையில் எழும் கல்வராயன் மலையும், அதைச் சூழ்ந்த சேர்வராயன், சித்தேரி, சவ்வாது மலைகளும், செஞ்சியின் தனிக்குன்றுகளும் அடங்கிய நிலப்பரப்பு இப்பறவையின் பரவலுக்குள் அமைந்தது.

பறவையை முதலில் சொல்வதா, பாறையை முதலில் சொல்வதா? பாறையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பாறை இல்லையேல் இப்பறவை இல்லை.

கல்வராயன் மலை ஏறத்தாழ 1,095 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அதன் வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 2,700 அடி. பெரிய கல்வராயன் 4,000 அடி அளவுக்கு உயர்ந்தது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இம்மலையே மேற்கு மதில். மலையின் மற்றொரு பக்கம் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. வடக்கே தென்பெண்ணையாறு இதைச் சவ்வாது மலையிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கைத் தாண்டினால் பச்சைமலை. மேற்கே சித்தேரியும், அதற்கும் அப்பால் சேர்வராயனும் நிற்கின்றன. கச்சிராயபாளையத்தருகே கோமுகி அணையில் தேங்கும் நீர் இம்மலையிலிருந்து இறங்கி வருவது. மேலே வெள்ளிமலை, கரியாலூர் போன்ற ஊர்களைச் சுற்றி மலைவாழ் மக்களின் தினையும் சாமையும் விளையும் வயல்கள். கடுக்காய், புளி, பலா மரங்கள். வண்டியில் ஏறிச் செல்வோர் பார்ப்பது பெரும்பாலும் இந்த மேட்டுநிலத்தைத்தான். அடிவாரத்துக்கும் மேட்டுக்கும் இடையே உள்ள சரிவில் வண்டி நிற்பதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியதோ அந்தச் சரிவு.

அச்சரிவின் உடல் சார்னோகைட்டு என்னும் மிகப் பழைய, மிகக் கடினமான கருங்கல்லும், அதனோடு கலந்து கிடக்கும் வரிப்பாறையும் ஆகும். பாறையின் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தா நகரத்தோடு பெயர் பிணைந்த சோப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இவ்வகைக் கல்லால் ஆனது. அதையும் சென்னைக்கருகே பல்லாவரத்தில் கிடைக்கும் பாறையையும் ஆராய்ந்த ஆலண்டு என்ற நிலவியல் அறிஞர், இறந்தவர் பெயரையே கல்லுக்கு இட்டுவிட்டார். தமிழ்நாட்டு மலைகள் பலவற்றின் எலும்பாக இருக்கும் ஒரு கல், வங்கத்துக் கல்லறை ஒன்றிலிருந்து பெயர் பெற்றிருக்கிறது.

இப்பாறை வெயிலிலும் மழையிலும் சிதையும் முறை தனித்தன்மை வாய்ந்தது. நிலத்துக்கு அடியில் பெரும் அழுத்தத்தில் உருவான பாறை, மேலே இருந்த மண்ணும் கல்லும் அரித்துப் போனபின் அழுத்தம் தளர்ந்து விரிகிறது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்பு விழுகிறது. பின்னர் வெங்காயத் தோல் உரிவது போல ஏடு ஏடாகக் கழல்கிறது. மூலைகள் முதலில் தேய்வதால் எஞ்சுவது உருண்டைக் கல். சரிவில் அவ்வுருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வீட்டளவும் யானையளவுமாகக் குவிகின்றன. இரு கற்களுக்கு நடுவே ஒரு சந்து. சந்தின் அடியில் ஒரு நிழல். நிழலில் ஒரு பிடி மண்.

அந்த ஒரு பிடி மண்ணை எளிதாக எண்ணிவிடக் கூடாது. வெற்றுப் பாறையின் மேல் விழும் மழைநீர் அதனுள் இறங்குவதில்லை. வழிந்து ஓரத்துச் சந்தில் சேர்கிறது. ஆகவே பாறையோரத்துச் செடிக்குத் தன் தலைமேல் பெய்யும் மழையைக் காட்டிலும் பன்மடங்கு நீர் கிடைக்கிறது. நண்பகலில் வெயில் படும் முகம் கைவைக்க முடியாதபடி கொதிக்கும்போது, சந்தின் உட்புறம் குளிர்ந்து நிற்கிறது. சருகு அங்கே காற்றில் பறந்துவிடாமல் மட்கி எருவாகிறது. மேயும் ஆடு எட்ட முடியாத இடம் அது. காட்டுத்தீயும் பாறையைச் சுற்றிப் போய்விடுகிறது. இதனால் சுற்றிலும் உள்ள முட்காடு கருகிக் கிடக்கும் பங்குனி சித்திரையிலும் பாறைக் குவியலின் நடுவே மட்டும் புதர் அடர்ந்து, பசுமை குன்றாமல் நிற்கும். சூரை, காரை, களா, பூலா, உசிலை, கிளுவை ஆகியவற்றோடு, பாறையை வேரால் தழுவி வளரும் அத்தி இனங்களும் ஆங்காங்கே எழும். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இது வறண்ட கற்குவியல். உள்ளே நுழைந்து பார்த்தால் பழமரத் தோப்பு.

அத்தோப்பின் குடியே நம் பறவை.

மஞ்சள்தொண்டைச் சின்னான் ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுடையது, வீட்டுத் தோட்டத்துக்கு வரும் கொண்டைக்குருவியின் அளவுதான். ஆனால் இதற்குக் கொண்டை இல்லை. தலை முழுதும் பசுமை கலந்த மஞ்சள். அம்மஞ்சள் கன்னத்தைக் கடந்து கீழிறங்கும்போது பசுமை நீங்கித் தொண்டையில் தூய மஞ்சளாக ஒளிர்கிறது. பின் மார்பில் திடுமென நின்று சாம்பல் நிறத்துக்கு இடம் விடுகிறது. முதுகும் மங்கிய சாம்பல் பச்சை. வயிறு வெளிர் சாம்பல். மடங்கிய சிறகின் ஓரத்தில் மெல்லிய மஞ்சட்பசுமை ஓடும். வால் பழுப்பு, அதன் நுனியில் வெளிறிய விளிம்பு. வாலடியில் மட்டும் தொண்டையின் மஞ்சள் மறுபடியும் தோன்றும். அலகு கருமை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. இளம்பறவையின் நிறம் சற்று மங்கியிருக்கும்.

இத்தனை மஞ்சளைப் பூண்ட பறவை கண்ணில் எளிதாகப் பட வேண்டுமே என்று தோன்றும். படுவதில்லை. பாறைச் சரிவின் நிறங்களைக் கூர்ந்து நோக்கினால் காரணம் விளங்கும். கல்லின் சாம்பல், கல்மேல் படர்ந்த கற்பாசியின் மஞ்சட்பசுமை, பழுத்து உதிரும் இலையின் மஞ்சள், அவற்றிடையே வெட்டி வெட்டி விழும் நிழல் ஆகிய இவை யாவும் பறவையின் மேனியில் ஏற்கெனவே இருக்கின்றன. அசையாமல் புதரில் அமர்ந்துவிட்டால் அது கல்லோடு கல்லாய், இலையோடு இலையாய்க் கரைந்துபோகும். தொண்டையைக் காட்டித் திரும்பும் ஒரு நொடியில்தான் பிடிபடும்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? பறவை தன் உடலில் தானே ஆக்கிக்கொள்ள முடியாத நிறமி அது. இறகின் கருமையையும் பழுப்பையும் தரும் மெலனினைப் பறவையின் உடலே ஆக்கிக்கொள்ளும். மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு. அதனைத் தாவரங்களும் நுண்ணுயிர்களுமே படைக்கும்; பழத்தின் வழியாகவோ, இலையைத் தின்ற புழுவின் வழியாகவோ அது பறவையின் குருதிக்குள் புகுந்து, இறகு முளைக்கும்போது அதில் போய்ப் படிகிறது. மெலனினும் கரோட்டினாய்டும் ஒரே இறகில் கலந்தால் நம் கண்ணுக்கு மங்கிய பச்சையாகத் தெரியும். முதுகின் நிறம் அவ்வாறு அமைந்தது. மெலனின் விலகிய இடம் தொண்டை. ஆகவே இப்பறவையின் மஞ்சள், சரிவிலுள்ள பழமும் புழுவும் இறகில் ஏறி நிற்பதே. இறகு முளைத்து முடிந்தபின் அதன் நிறத்தைப் புதுப்பிக்க வழி இல்லை. வெயில் வெளுக்கும், கல் உரசித் தேய்க்கும். அடுத்த இறகுதிர்ப்பு வரை அந்த நிறத்தோடுதான் காலம் தள்ள வேண்டும். ஒரே சரிவில் பளிச்சென்ற பறவையும் சோர்ந்த நிறமுடைய பறவையும் அருகருகே தென்பட்டால் வியப்படைய வேண்டியதில்லை.

கற்றுக்குட்டியை ஏமாற்றும் உறவினன் ஒருவன் உண்டு: வெண்புருவச் சின்னான். அதுவும் கொண்டை இல்லாதது, மங்கிய பசும்பழுப்பு மேனி, வாலடியில் மஞ்சட்சாயல், புதருள் ஒளியும் இயல்பு, போதாக்குறைக்குக் குரலும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் ஒரே மலையின் ஒரே பக்கத்தில் வாழ்வதும் உண்டு. கண்ணுக்கு மேலே வெண்கோடு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அது வெண்புருவச் சின்னான். கோடில்லாமல் முகம் முழுதும் மஞ்சளாக இருந்தால் நாம் தேடி வந்தது. குரலை மட்டும் கேட்டுப் பெயர் எழுதிக்கொள்வது இங்கே பெரும்பிழைக்கு வழி; தேர்ந்த காதுடையோரும் இவ்விடத்தில் கண்ணின் துணையை நாடுவர்.

குரலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பாடும் பறவைகள் என்று பறவையியலார் தனித்து வகுத்த பெருங்குழுவில் சின்னான்களும் அடங்கும். நமக்குக் குரல்வளை தொண்டையின் மேற்புறத்தில் இருக்கிறது. பறவைக்கோ ஒலி பிறக்கும் உறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் கவட்டில், நெஞ்சுக்குள்ளே அமைந்தது. அதன் இரு கிளைகளையும் தனித்தனியே இயக்க நுண்தசைகள் இருப்பதால், ஒரே மூச்சில் இரு வேறு ஒலிகளை எழுப்பப் பாடும் பறவைகளால் இயலும். மஞ்சள்தொண்டைச் சின்னான் இசைப்புலமைக்குப் பெயர் போனதன்று; குயிலின் நீண்ட அழைப்போ, கருங்குருவியின் விரிந்த பாட்டோ அதனிடம் இல்லை. விரைந்து உருண்டு கொட்டும் சில ஒலிகள், ஒரு சிறு இடைவெளி, மறுபடியும் அதே கொட்டு. புதருக்குள்ளிருந்து ஒன்று குரல் எழுப்ப, பாறைக்கு அப்பாலிருந்து அதன் இணை விடை சொல்லும். கல் இரண்டு பக்கமும் எதிரொலிப்பதால் பறவை எந்தப் பக்கம் என்று கேட்பவர் தடுமாறுவார்.

இணையாகவோ சிறு குழுவாகவோ திரிவது இதன் வழக்கம். பழம் மிகுந்த மரத்தில் பிற சின்னான்களோடு கலந்து உண்ணும். ஆயினும் பெருங்கூட்டத்தோடு அலைவதில்லை. கூச்ச இயல்புடையது. ஆள் அரவம் கேட்டால் மேலெழுந்து பறக்காது. புதரின் உட்புறமாகவே கீழிறங்கி, கற்சந்தில் நுழைந்து, சரிவின் கீழ்ப்பக்கம் வேறொரு புதரில் வெளிப்படும். பார்ப்பவர் தலையை நிமிர்த்திக் கிளைகளைத் துழாவிக் கொண்டிருப்பார். பறவையோ அவர் காலுக்குக் கீழே உள்ள கல்லிடுக்கில் போய்க்கொண்டிருக்கும். குறுகிய, உருண்டையான சிறகு இத்தகைய ஓட்டத்துக்கு ஏற்றது. நெடுந்தொலைவு பறக்க அது உதவாது. சந்துக்குள் திரும்ப உதவும்.

செஞ்சிக் கோட்டையின் படிக்கட்டில் காலையில் ஏறுவோர்க்கு இதைக் காணும் வாய்ப்பு உண்டு. படியோரத்துப் பாறையில் ஒரு அத்தி பழுத்திருந்தால், அங்கே சற்று ஒதுங்கி அசையாமல் அமர்ந்திருப்பது நன்று. முதலில் வருவது பெரும்பாலும் செங்குதச் சின்னான். ஆரவாரத்தோடு வந்து, உச்சிக்கிளையில் நின்று உலகுக்கு அறிவித்துவிட்டுத்தான் உண்ணும். மஞ்சள்தொண்டையான் அப்படி வராது. மரத்தின் அடிப்பக்கத்து இலை ஒன்று அசையும். கழுத்து நீளும். பழத்தைக் கொத்திப் பறித்து, அலகில் ஒருமுறை புரட்டி, விழுங்கும். சிறு பழமாயின் முழுதாக. பெரிதாயின் நின்ற இடத்திலேயே குத்திக் கிழித்து. இடையிடையே இலையின் அடிப்புறத்துப் பூச்சியையும் கவ்விக்கொள்ளும். மீண்டும் இலை அசையும், கிளை வெறுமையாகும். கோட்டை காண வந்த கூட்டம் பேசிக்கொண்டே அவ்விடத்தைக் கடந்து போகும்.

உண்ட பழத்தின் கதை அங்கே முடிவதில்லை. சின்னான் இனத்தின் குடல் குறுகியது. சதை செரித்து விதை வெளிவர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் பறவை ஒரு பாறையிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். எச்சத்தோடு விழும் விதை எங்கே விழுகிறது என்பதுதான் முதன்மையானது. திறந்த வெளியில் விழுந்தால் வெயிலில் கருகும். கற்சந்தில் விழுந்தாலோ மண்ணும் நிழலும் நீரும் காத்திருக்கின்றன. கல்லின்மேல் எவரும் நடாத அத்தி எப்படி முளைத்தது என்ற கேள்விக்கு விடை இதுவே. பாறைக்குவியலின் புதர் பறவையை வாழ்விக்கிறது. அப்புதரை அங்கே நட்டவர்களுள் பறவையும் ஒன்று. சூரை, காரை, பூலா ஆகியவற்றின் சிறு கனிகளும் இவ்வாறே பரவுகின்றன.

இனப்பெருக்கத்தில் சின்னான் குடும்பம் முழுதும் ஏறத்தாழ ஒரு வழியே செல்கிறது. மெல்லிய வேர், புல், பட்டை நார் ஆகியவற்றால் கிண்ணம் போன்ற சிறு கூடு. இரண்டு அல்லது மூன்று முட்டை. அடைகாக்க ஏறத்தாழ இரண்டு கிழமை. குஞ்சுக்கு இரு பெற்றோரும் இரை தருதல். குஞ்சுப் பருவத்தில் பழத்தைவிடப் பூச்சியே மிகுதியாக வேண்டும், உடல் வளரப் புரதம் தேவையாதலால். பாம்பும், ஓணானும், புதருள் தவழ்ந்து கூடு துழாவும் செம்போத்தும் இவற்றின் பகைவர்கள்.

உலகில் ஏறத்தாழ 150 இனச் சின்னான்கள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாகப் பரவியுள்ளன. அவற்றுள் பல, மனிதன் போன இடத்துக்கெல்லாம் பின்னால் வந்துவிடும் இயல்பின. கல்வராயன் போன்ற ஒரு மலையில் ஏறும்போது அவை நிலத்தைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதைக் காணலாம். அடிவாரத்து ஊரிலும் வயல்வரப்பிலும் செங்குதச் சின்னான். அதனை அடுத்த முட்புதர்க் காட்டில் வெண்புருவச் சின்னான். ஏற்காட்டைப் போன்ற ஈரமான மேட்டில் காப்பித் தோட்டத்தையும் வீட்டுக் கொல்லையையும் ஆள்வது செம்மீசைச் சின்னான். எஞ்சிய பாறைச் சரிவு மஞ்சள்தொண்டையானுக்கு. மற்ற மூன்றும் மனிதனோடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டன. தோட்டம் போட்டால் தோட்டத்துக்கு வரும், கொய்யா வைத்தால் கொய்யாவைக் கொத்தும். நான்காவது மட்டும் கல்லை விட்டு வரவில்லை. இதனைப் பிடிவாதம் என்று சொல்லத் தோன்றினாலும், உயிரியல் நோக்கில் இது தேர்ச்சி. போட்டி மிகுந்த இனத்தார் நுழையத் தயங்கும் ஓரிடத்தில் தேர்ந்துவிட்ட உயிர், அவ்விடம் இருக்கும்வரை வெல்லும்.

மஞ்சள்தொண்டைச் சின்னானை அறிவியல் உலகுக்கு முதலில் எழுதிக் காட்டியவர் தாமசு செர்டன் என்னும் மருத்துவர். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் பணிக்கு வந்த அவர், நெல்லூரில் குடிமை மருத்துவராக இருந்தபோது அப்பகுதி ஏனாதி மக்களோடு பழகி உயிரினங்களைப் பற்றி நிரம்பக் கேட்டறிந்தவர். நெல்லூருக்கு மேற்கே உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிடைத்த இப்பறவைக்கு 1845இல் அவர் அறிவியற்பெயர் சூட்டினார். அதன்பின் நெடுங்காலம் இதைப் பற்றிய பேச்சு குறைவு. 1929ஆம் ஆண்டில் ஆர்தர் வெர்னே என்ற செல்வர் பொருளுதவ, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் உயிரினங்களைத் திரட்டும் பெரும்பணி தொடங்கியது. அக்குழு கல்வராயனுக்கு மேற்கே சேர்வராயன், சித்தேரி மலைகளில் தங்கிப் பறவைகளைச் சேகரித்தது. விசிலர், கின்னியர் என்னும் பறவையியலார் இருவர் அச்சேகரத்தை ஆராய்ந்து, கழகத்தின் ஆய்விதழில் 1930களில் தொடராக எழுதிய அறிக்கை இன்றும் இப்பகுதிப் பறவைகளுக்கு அடிப்படை நூல் போன்றது. பின்னர் 2006இல் சுப்பிரமணியா, பிரசாத், கார்த்திகேயன் ஆகிய மூவர் அதே இதழில், தென்னிந்தியாவில் இப்பறவையின் நிலையையும் வாழிடத்தையும் பழக்கத்தையும் விரிவாக எடுத்துரைத்தனர். கருநாடகத்தின் நந்தி மலை, ஆந்திரத்தின் ஆர்சிலி மலை, கேரளத்தின் சின்னாறு ஆகிய இடங்களிலும் இது வாழ்கிறது. எங்கு வாழ்ந்தாலும் உருண்டைக் கல்லும் புதரும் உடனிருக்கும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனமாக வகுத்திருக்கிறது. காரணங்களுள் முதன்மையானது கல். பறவை வாழக் கல் வேண்டும். நமக்கும் அதே கல் வேண்டும். ஊரார் கல்குவாரி என்று சொல்லும் இடங்களில் உருண்டைப் பாறைகள் முதலில் உடைபடும், அவை மேலே கிடப்பதால். தளக்கல்லாக அறுபட்டவை கப்பலேறும். எஞ்சியது சல்லியாகிச் சாலைக்கும் வீட்டுக்கும் போகும். காட்டை வெட்டினால் மீண்டும் வளர்க்க முயலலாம், சில பத்தாண்டுகளில் ஏதோ ஒரு காடு எழும். பாறைக்குவியலை எந்தத் துறையாலும் மீண்டும் நட முடியாது. அது உருவான காலக்கணக்கில் மனித வரலாறு ஒரு மயிரிழை.

இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. வருவாய்க் கணக்கில் இத்தகைய நிலத்துக்குக் கல்லாங்குத்து என்று ஒரு வகைப்பாடு உண்டு. பயிருக்கு ஆகாத நிலம் என்பதே அங்கே கருத்து. மரம் நடும் நற்பணியாளர்களும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள்: பசுமை இல்லாத இடம், ஆகவே பசுமையாக்க வேண்டிய இடம். வேகமாக வளரும் அயல்மரங்களைக் கொண்டுவந்து முட்புதரைக் களைந்து குழி தோண்டுகிறார்கள். காடழிப்போரைக் கண்டிக்கத் தெரிந்த நமக்கு, சூரைப்புதரை அழித்துத் தைலமரம் நடுவோரைப் பாராட்டவும் தெரிந்திருக்கிறது. அடர்ந்த மரநிழலில் இப்பறவைக்கு வேலை இல்லை. காப்புக்காட்டு எல்லைக்குள் இருக்கும் சரிவு ஓரளவு தப்பும். எல்லைக்கு வெளியே தனித்து நிற்கும் சிறு குன்றுகளுக்கு, தியாகதுருகத்துப் பாறைக்குன்று போல் கோட்டையோ கோயிலோ தலைமேல் இருந்தால் மட்டும் ஒரு காவல்.

உண்ணிச்செடியின் செய்தி சற்றுச் சிக்கலானது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இச்செடி இன்று மலைச்சரிவுகளை மூடிக்கொண்டு, உள்நாட்டுப் புதரை நெருக்கி ஒதுக்குகிறது. காய்ந்தபின் தீக்கு விறகாகிறது. அதைக் களைய வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சின்னான்கள் அதன் கருங்கனியையும் விரும்பி உண்கின்றன. நம் பறவையும் விலக்கன்று. சூரையும் களாவும் திரும்பி வரும்முன் ஒரு சரிவின் உண்ணிச்செடி முழுவதையும் ஒரே கோடையில் வேரோடு பிடுங்கினால், அடுத்த பருவத்தில் உணவு குன்றும். பகுதி பகுதியாக நீக்கி, பின்னாலேயே உள்நாட்டுப் பழச்செடிகளை வளரவிடுவது அறிவுடைமை.

கல்வராயன் சரிவுகளில் இப்பறவையைத் தேட விரும்புவோர்க்குச் சில சொற்கள். வெயில் ஏறும்முன் செல்ல வேண்டும். பத்து மணிக்குமேல் பாறை கொதிக்கும், பறவை சந்துக்குள் ஒடுங்கிவிடும். மேட்டுநிலத்து ஊரைச் சுற்றித் திரிவதில் பயனில்லை. பழுத்த அத்தியையோ, பாறைக்குழியில் நீர் தேங்கிய சுனையையோ கண்டால் அங்கே காத்திருக்கலாம். வறண்ட திங்கள்களில் நீர் குடிக்க வரும் பறவை வழக்கமான கூச்சத்தைச் சற்றுத் தளர்த்தும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்க வேண்டா; இணையைக் காக்க வேண்டிய நேரத்தில் இல்லாத பகைவனைத் தேடி அது அலையும். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறையின் ஒப்புதல் வேண்டும். வழி அறிந்த மலைவாழ் மக்களுள் ஒருவரோடு செல்வது எல்லா வகையிலும் நலம். எந்தச் சுனையில் எப்போது நீர் வற்றும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு நூலுக்குத் தெரியாது.

2015 முதல் ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஊர்க்குளமும் வீட்டுக் கொல்லையும் அதில் நிரம்ப இடம் பெறுகின்றன. பாறைச் சரிவிலும் ஒரு கால்மணி நேரம் நின்று எண்ணுவோர் கூடினால் கிழக்குக் குன்றுகளின் படம் தெளிவடையும். குறிப்பில் பறவையின் பெயரோடு நின்றுவிடாமல், அது இருந்த கல் எத்தகையது, சுற்றிலும் என்ன செடி, எதைத் தின்றது, அருகில் கல் உடைக்கும் ஓசை கேட்டதா என்பனவற்றையும் எழுதலாம். பார்த்தது மஞ்சள்தொண்டையானா, வெண்புருவத்தானா என்று உறுதி இல்லையெனில், அந்த ஐயத்தையும் மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. அதே சரிவுக்கு அடுத்து வருபவர் கண்ணை எங்கே வைப்பது என்று அறிந்துகொள்வார்.